பதில் வராத மாடி

அன்பும் அதைவிட அதிகப் பிடிவாதமும் கொண்ட மாடிக்கு,

நான் நலம். நீ, உன் மகள், மருமகன் எல்லோரும் நலம் என்று உன் மகள் தொலைபேசியில் சொல்லிவிட்டதால் அதை மறுபடி விசாரித்து மையை வீணாக்கவில்லை. என் உடம்பில் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. முழங்காலைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்; அதற்கு முன்னுரிமை கொடுத்தால் தலைக்கு ஏறிவிடும்.

விஷயம் இதுதான். நீ கிளம்பி வா. ஒவ்வொரு முறையும் "எப்போ வர்றே?" என்று நான் கேட்பதும், "பார்க்கலாம்" என்று நீ சொல்வதும், பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசுவதுமாகக் காலம் போய்க்கொண்டிருக்கிறது. பார்க்கலாம் என்பது பதிலே இல்லை. நான் தொலைபேசி நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்தபோது என்கீழ் வேலை பார்த்த பெண்களில் யாராவது அழைத்தவரிடம் "பார்க்கலாம்" என்று சொல்லியிருந்தால் மதியத்துக்குள் என் மேசைக்கு முன்னால் நின்றிருப்பாள். லைன் கிடைக்கும், கிடைக்காது, காத்திருங்கள். இவ்வளவுதான் பதில். உன் பள்ளிக்கூடத்தில் எப்படியோ, எங்கள் கான்வென்டில் பெயரைக் கூப்பிட்டால் எழுந்து நின்று முழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால்கூட சிஸ்டர் காதில் விழவில்லை என்பார். நீ எனக்கு ஒரு முழு வாக்கியம் கடன்பட்டிருக்கிறாய்.

நீ வராததால் இங்கே என்னென்ன நடந்தது என்று தெரிந்தால் உனக்கே மனசு உறுத்தும். உறுத்த வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நம்முடைய காலைத் தட்டலை நீ மறந்திருக்கமாட்டாய். அடுப்பில் தண்ணீர் வைத்ததும் ஒட்டடைக் கம்பின் அடிப்பக்கத்தால் சமையலறைக் கூரையில் நான் மூன்று தட்டு. உடனே மேலே உன் குதிகால் மூன்று. எழுந்துவிட்டேன், உயிரோடு இருக்கிறேன், உன் பாடு எப்படி என்று அர்த்தம். கட்டிய கணவர்களை மேலுலகம் அனுப்பிவிட்டுத் தனியாகக் கதவைப் பூட்டிக்கொண்டு தூங்குகிற இரண்டு பேருக்கு இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று நீதான் சொன்னாய். நான் அப்போது இது நாகரிகமாக இல்லை, மணி வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் என்றேன். ஆனால் நீ குளியலறையில் விழுந்த அன்றைக்கு மணியா காப்பாற்றியது? பதில் வராததால்தானே நான் செருப்புகூடப் போடாமல் மேலே ஏறிவந்தேன். நான் செருப்பில்லாமல் வாசற்படி தாண்டிய ஒரே நாள் அது. தெருமுனைத் தச்சர் வந்து பூட்டை உடைக்க, ஈரத் தரையில் கிடந்தபடியே நீ என்னைப் பார்த்து, "காப்பி ஆறிடுச்சா?" என்று கேட்டாய். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

பிறகு இடுப்பெலும்புக்கு அறுவை சிகிச்சை, மகள் வீடு, காலியான மாடி. எல்லாம் உனக்குத் தெரிந்ததே. தெரியாதது, நீ போன பிறகும் என் கை நிற்கவில்லை என்பது. தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தால் கை தானாகக் கம்பை எடுக்கிறது. காலி வீட்டுக்குத் தட்டுவது அபத்தம் என்று எனக்கும் தெரியும். ஆனால் பதில் வராத லைனைச் சும்மா விட்டுப் பழக்கமில்லாதவள் நான்.

இந்த நிலையில் உன் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தார்கள். கணவன் பேருந்து ஓட்டுநர். மனைவி வீட்டிலேயே இயந்திரம் போட்டுத் துணி தைக்கிறவள். ஒரு பெண் குழந்தை, பள்ளிக்கூடம் போக இன்னும் வயதாகவில்லை, நடக்கவே தெரியாது, ஓட மட்டும்தான் தெரியும். வந்த அன்று மாலை முழுக்க மேலே தையல் இயந்திரம் ஓடியது, குழந்தை ஓடியது, நாற்காலிகள் ஓடின. வீட்டில் மறுபடி ஆள் வாசனை வந்தது என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் எழுந்து, தண்ணீர் வைத்து, மூன்று தட்டுத் தட்டினேன்.

நீ சிரிக்காதே. அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். சொன்னால்தானே தெரியும் என்பாய். அறிமுகமில்லாதவர்களிடம் போய், "தினம் காலையில் நான் செத்துவிட்டேனா என்று பாருங்கள்" என்று எந்த வாக்கியத்தில் சொல்வது? எனக்கு அந்த வாக்கியம் வரவில்லை. தட்டினால் மனிதர்கள் திரும்பத் தட்டுவார்கள் என்று நினைத்தேன். மேலே குழந்தையின் ஓட்டம் சட்டென்று நின்றது. அவ்வளவுதான்.

மறுநாள் கொஞ்சம் பலமாகத் தட்டினேன். தையல் இயந்திரம் நின்றது. அதற்கடுத்த நாள் இன்னும் பலம். அன்றைக்கு நாற்காலி இழுக்கும் சத்தமும் இல்லை. நான் தட்டத் தட்ட மேலே ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே போனது. பிற்பாடுதான் தெரிந்தது, நாற்காலிக் கால்களுக்கெல்லாம் அந்தப் பெண் துண்டுத் துணியில் சின்னச் சின்னக் காலுறை தைத்துப் போட்டிருக்கிறாள். குழந்தைக்கு இரண்டு காலுறை, ஒன்றின் மேல் ஒன்று. ஓட்டுநர் தன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கி வாசலில் உட்கார்ந்து போட்டுக்கொள்கிறார். அதை நானே ஒருநாள் சன்னல் வழியாகப் பார்த்தேன். எவ்வளவு சுத்தமான மனிதர், வீட்டுக்குள் செருப்புக் கால் வைக்காதவர் என்று உன்னிடம் தொலைபேசியில் பாராட்டியதுகூட நினைவிருக்கும்.

அதற்குள் அவரே ஒருநாள் என் கதவைத் தட்டினார். தொப்பியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்குங்கம்மா. காலையில நீங்க தட்டுறது கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். இனிமே சரியா இருப்போம்" என்றார். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. பார், அதிகம் படிக்காவிட்டாலும் பண்பு தெரிந்தவர்கள், பதில் சொல்லாததற்கு வந்து மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்து, கான்வென்ட் மரியாதை குறையாமல், "ரொம்ப நல்லது. நாளைக் காலையிலிருந்து எதிர்பார்ப்பேன்" என்றேன். அந்த மனிதர் முகம் ஏன் அப்படிச் சுருங்கிப்போனது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையில் தட்டினேன். மேலே மயான அமைதி. குழாயில் தண்ணீர் விழும் சத்தம் இல்லை. பாத்திரம் இல்லை, குழந்தை இல்லை, இருமல்கூட இல்லை. மறுபடி தட்டினேன். உனக்குத்தான் தெரியுமே, இப்படி ஒரு அமைதியை இதற்கு முன்னால் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். அடுப்பை அணைத்தேன். எரிவாயு கசிந்து மூன்று பேரும் படுத்தபடியே போய்விட்டார்களோ, அந்தப் பிஞ்சு என்ன ஆனதோ என்று படியேறினேன். இந்த முறை செருப்பு போட்டுக்கொண்டேன், ஆனால் இடது காலுக்கு வலது. முழங்கால் நடுவழியில் ஒருமுறை உட்காரச் சொன்னது. உட்கார்ந்தேன், எழுந்தேன். மேலே போய் அழைப்புமணியை அழுத்தினால் மணியும் அடிக்கவில்லை. மணிச் சத்தம் கீழே கேட்குமே என்று அவர்களே கம்பியைக் கழற்றிவைத்திருந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

குடியிருப்போர் சங்கச் செயலாளரைக் கூப்பிட்டேன். அவர் குளிக்கிற துண்டோடு வந்து, விதிப்படி உரிமையாளருக்குத் தகவல் தெரிவித்து, அவர் சம்மதம் வாங்கி, பிறகுதான் கதவில் கைவைக்க முடியும் என்றார். போன தடவையும் இதையேதான் சொன்னார், மாடி. நீ உள்ளே ஈரத்தில் கிடக்கும்போது விதி சொன்னவர் அவர். நான் அவரைப் பார்த்து, "நீங்க விதியைப் பாருங்க, நான் கதவைப் பாக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தச்சருக்கு ஆள் அனுப்பினேன். தச்சர் அதே உளியோடு வந்தார். வரும்போதே, "இந்தக் கதவு எனக்குப் பழக்கம்தான்மா" என்றார். இரண்டு தட்டில் பூட்டு கழன்று கையில் வந்தது.

உள்ளே போனால், கூடத்தில் தரைமுழுக்க மெத்தைகளையும் போர்வைகளையும் பரப்பி, ஓட்டுநர் வேலைக்குப் போயிருக்க, அதன் நடுவில் தாயும் மகளும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தையல் இயந்திரத்தின் மேல் தலையணை வைத்துக் கட்டியிருக்கிறது. அந்தப் பெண் மடியில் பாதி தைத்த சட்டை. கையால், ஊசியால், தைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கதவுத் துளை வழியாக என்னைப் பார்த்து, வீட்டைக் காலி செய்யச் சொல்லத்தான் ஆட்களோடு வந்திருக்கிறேன் என்று நினைத்து, வீட்டில் யாருமில்லை என்று நாங்கள் திரும்பிப் போய்விடட்டும் என மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்களாம். குழந்தை வாயில் வைத்த விரலை எடுக்காமல் என்னையும், உளியோடு நிற்கும் தச்சரையும், துண்டோடு நிற்கும் செயலாளரையும் பார்த்துவிட்டுச் சொன்னது: "பாட்டி, நாங்க சத்தமே போடல. நீங்கதான் சத்தம் போடுறீங்க."

என் வாழ்நாளில் என்னை ஒழுங்கீனமானவள் என்று சொன்ன முதல் ஆள் அந்தக் குழந்தை. தாய் அழுதுகொண்டே, "முன்னாடி இருந்த ரெண்டு வீட்டுலயும் மிஷின் சத்தம்னுதான்மா காலி பண்ண வச்சாங்க. இங்கயும் முதல் நாளே தட்டுனீங்க. ராத்திரி தைக்கிறதை விட்டேன். பகல்ல தைக்கிறதை விட்டேன். இன்னும் என்னத்தை விடுறதுன்னு தெரியல" என்றாள்.

நான் அங்கேயே, அந்த மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அழைக்காமல் பிறர் வீட்டு மெத்தையில் உட்காருவது எனக்கு உகந்ததல்ல, ஆனால் முழங்கால் முடிவெடுத்துவிட்டது. உட்கார்ந்துகொண்டு உன்னைப் பற்றிச் சொன்னேன். தட்டலைப் பற்றி, குதிகாலைப் பற்றி, நீ விழுந்ததைப் பற்றி. அந்தப் பெண் மடியிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். பிறகு, "அப்போ அது குட்மார்னிங்கா?" என்றாள். ஆமாம் என்றேன். அவள் அழுதபடியே சிரிக்க ஆரம்பித்தாள், தச்சர் சிரித்தார், குழந்தை காரணம் தெரியாமல் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது. செயலாளர் மட்டும், உடைந்த பூட்டு யார் பொறுப்பு என்று விதிப்படி கேட்டார்.

இதோடு முடிந்தது என்று நினைக்காதே. இப்போது பதில் வருகிறது. பதில் மட்டும்தான் வருகிறது. விடியும் முன்னால் ஓட்டுநர் பேருந்தெடுக்கப் போகும்போது, "பாட்டிக்கு முதல்ல நான்தான் சொல்லணும்" என்று பூட்ஸ் காலால் மூன்று மிதி மிதிக்கிறார். நான் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிறேன். பிறகு அந்தப் பெண். பிறகு குழந்தை, கரண்டியால். காலையில் தட்டியது போதாதென்று சாப்பிடும்போது, குளிக்கும்போது, பொம்மை தூங்கப் போகும்போது என்று எந்நேரமும் தட்டுகிறது, நான் பதில் தட்டாவிட்டால் சன்னலில் தலையை நீட்டி, "பாட்டி, செத்துட்டீங்களா?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரிக்கிறது. தெருவில் போகிறவர்கள் நின்று என் சன்னலைப் பார்க்கிறார்கள். கூரையில் சுண்ணாம்பு பெயர்ந்து என் காப்பியில் விழுந்தது. தையல் இயந்திரத்தை எனக்குத் துணையாக இருக்கட்டும் என்று சரியாக என் படுக்கையறைக்கு மேலே நகர்த்திப் போட்டிருக்கிறாள். அது ஓடும்போது எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது என்பதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னொரு இயந்திரம் வாங்கிவிடுவாள்.

நல்ல மனிதர்கள்தான். ஆனால் தட்டத் தெரியவில்லை, மாடி. ஓட்டுநர் தட்டினால் இடி. அந்தப் பெண் தட்டினால் மன்னிப்புக் கேட்பதுபோல இருக்கிறது. குழந்தைக்கு மூன்று என்றால் எத்தனை என்றே தெரியாது. உன்னுடையதுபோல, இரண்டு சீராக வந்து, மூன்றாவது மட்டும் ஒரு நொடி தாமதித்து, ஏதோ கேலி செய்வதுபோல விழுமே, அது இவர்கள் யாருக்கும் வரவில்லை. நீ வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்தையே விசில் ஊதி வரிசையில் நிறுத்திய உடற்பயிற்சி டீச்சருக்கு இது ஒரு பெரிய வேலையா?

இனி நீ கோபப்படப்போகிற இடத்துக்கு வருகிறேன். உன்னிடம் கைத்தடி இருப்பது எனக்குத் தெரியும். உன் மகள் சொன்னாள்; அவளைத் திட்டாதே, நான்தான் விடாமல் கேட்டேன். வாசலில் யார் வந்தாலும் அதைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டுச் சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாயாமே. பூங்காவுக்குக்கூடப் போவதில்லையாமே. மைதானத்தை நீ ஒரு சுற்றுச் சுற்றினால் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்கும், அதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நடையை எங்களுக்குக் காட்டிவிட்டு இந்த நடையைக் காட்டமாட்டேன் என்று முடிவு செய்திருக்கிறாய். இது என்ன நியாயம்? உன் நடையைப் பார்த்தா நான் உன்னோடு பழகினேன்? நீ வேகமாக நடந்ததால் இத்தனை வருஷமும் உன் பின்னால் ஓடி ஓடி எனக்குத்தான் முழங்கால் போனது. இப்போதாவது ஒரே வேகத்தில் நடக்கலாம் என்று பார்த்தால் ஒளிந்துகொள்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரிடமும் சொல்லாதே. அன்றைக்குப் படியேறியதில் என் முழங்கால் வீங்கியது. தச்சர் பார்த்துவிட்டு, கேட்காமலே அந்த ஒட்டடைக் கம்பை அளவாக வெட்டி, மேலே பிடி செதுக்கி, அடியில் ரப்பர் வைத்துக் கொடுத்துவிட்டார். அதை ஊன்றித்தான் கடைக்குப் போகிறேன். ஆனால் அது கைத்தடி இல்லை. நாற்காலியில் ஏறாமல் கூரையைத் தட்ட இப்போது அதற்கு நீளம் போதவில்லைதான், ஆனாலும் அது தட்டுக்கம்பு. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்கிறேன்.

படியைப் பற்றி நீ யோசிக்கவே வேண்டாம். நீ கீழேயே, என்னோடு இருக்கலாம். என் வீட்டுக்காரருடைய அறையை உனக்காக ஒழித்திருக்கிறேன். அவருடைய மேசையைத் தச்சரும் ஓட்டுநரும் சேர்ந்து கூடத்துக்கு நகர்த்தினார்கள். அந்த மேசையை இதுவரை தூசி தட்டத்தான் தொட்டிருக்கிறேன். நகர்த்திய இடத்தில் தரை புதிதாக, பளபளப்பாக இருந்தது. அங்கேதான் உன் கட்டில் போட்டிருக்கிறது. குளியலறையில் பிடித்துக்கொள்ள இரும்புப் பிடி அடித்தாயிற்று. எனக்கும் உதவும் என்பதால் நீ நன்றி சொல்ல வேண்டாம்.

நிபந்தனைகள் உண்டு. ஈரத் துண்டைக் கதவில் போடக்கூடாது. செய்தித்தாளை நான் படித்த பிறகே பிரிக்க வேண்டும். இனிமேல் காப்பி ஆறியதா என்று கேட்கக்கூடாது. நீ அங்கே வாயேன் என்று என்னிடம் சொல்லாதே. நான் வரமாட்டேன் என்று உனக்கே தெரியும். இந்த வயதில் ரயிலில் ஏறுவது, முன்பின் தெரியாதவர்கள் குறட்டையில் படுப்பது, பிறர் வீட்டுக் குளியலறையில் சோப்பு எங்கே என்று கேட்பது, இதெல்லாம் எனக்கு ஒத்துவராது. அவர் போன பிறகு நான் வெளியூர் வாசல் மிதித்ததில்லை, மிதிக்கப்போவதும் இல்லை. வரவேண்டியது நீதான். தள்ளிப்போடாமல் முழு வாக்கியத்தில் பதில் எழுது.

உன் மகளுக்கும் மருமகனுக்கும் என் ஆசிகள். மருமகனை மென்று சாப்பிடச் சொல். உன் இடுப்புக்கும் என் முழங்காலுக்கும் கடவுள் கொஞ்சம் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன்; உனக்காகக் கேட்பதை முதலில் கேட்கிறேன்.

என்றும் மாறாத,
உன் கீழ்வீடு

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். உறையை ஒட்டப்போகும்போது நீ கூப்பிட்டாய். வழக்கம்போல, "எப்போ வர்றே?" என்றேன். நீ பார்க்கலாம் என்று சொல்லவில்லை. ஒன்றுமே சொல்லவில்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று காதை அழுத்திக்கொண்டேன். அப்போது அந்தப் பக்கம் தரையில் டொக், டொக், கொஞ்சம் பொறுத்து இன்னொரு டொக். அது குதிகால் இல்லை. உன் குதிகால் எனக்குத் தெரியும். அது கம்பு. நீ தொலைபேசியை வைத்துவிட்டாய்.

எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. நீ தனியாக ரயிலேற வேண்டாம். நான் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மேல்வீட்டுப் பெண் தன் கைபேசியிலேயே எனக்குச் சீட்டு எடுத்துவிட்டாள், கீழ்ப்படுக்கை. உன் மகளிடம் சோப்பு எங்கே என்று கேட்டுவைத்தாயிற்று. இந்தக் கடிதம் தபாலில் வராது, என் பையில் வருகிறது. காலையில் கீழே தட்டும் சத்தம் கேட்காவிட்டால் பயப்பட வேண்டாம், தச்சரைக் கூப்பிட வேண்டாம், பாட்டி மாடியைக் கூட்டிவரப் போயிருக்கிறாள் என்று குழந்தைக்குச் சொல்லியிருக்கிறேன்.

வாசலில் மணி அடிக்கமாட்டேன். என் கம்பால் மூன்று தட்டுவேன். உன் கம்பை ஒளிக்காமல் ஊன்றிக்கொண்டு நீயே வந்து திற. மெதுவாக வா. எவ்வளவு நேரமானாலும் நான் லைனை வைக்கமாட்டேன்.